டன்பார் பாடசாலையின் கதை

ஒவ்வொரு வருடமும் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்தால் எமது உள்பெட்டி நிறைந்துவிடும். வெட்டுப்புள்ளி எத்தனை, எந்தப் பாடசாலையை முதலாவது தெரிவாகப் போடலாம், விடுதி வசதி இருக்கிறதா என்றெல்லாம் பெற்றோர் கேட்பார்கள். எல்லாக் கேள்விகளும் கடைசியில் "நல்ல பாடசாலை எது சேர்?" என்ற ஒன்றில்தான் வந்து முடியும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எம்மால் முடியாது. ஆனால் ஒரு பாடசாலை எப்படி நல்ல பாடசாலையாகிறது, பிறகு எப்படி அந்தப் பெயரை இழக்கிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு சம்பவக் கோவை இருக்கிறது. அது நடந்தது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில். பதிவு நீளமானது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்றால் பொதுவாக தரம் 9 முதல் 12 வரை. அரசாங்கப் பணத்தில், கட்டணம் இல்லாமல் நடக்கும் பாடசாலைகளைத்தான் அங்கே பொதுப் பாடசாலை என்கிறார்கள். அவற்றுள் ஒரு சிறு பகுதி, பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டு கடினமான பாடவிதானத்தோடு இயங்குவது. அந்த வகையில் நியூயோர்க்கின் ஸ்டைவசன்டையும் பொஸ்டன் லத்தீன் பாடசாலையையும் பலர் அறிவார்கள். நாம் சொல்லப்போவது அவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் டன்பார் ஹைஸ்கூல். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென அரச செலவில் தொடங்கப்பட்ட முதலாவது ஹைஸ்கூல் அதுதான்.

வாஷிங்டன் நகரில் அடிமை முறை 1862 ஏப்ரலில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தெற்கு மாநில அடிமைகளுக்கு ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தது 1863 ஜனவரியில். தலைநகரில் அதற்குச் சில மாதங்கள் முன்னரே நடந்துவிட்டது. அதிலிருந்து எட்டே வருடங்களில், 1870 இல், பதினைந்தாம் வீதியிலிருந்த பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு வகுப்பு தொடங்கியது. 'கறுப்பின இளையோருக்கான ஆயத்த உயர்பாடசாலை' என்பது அதன் பெயர். எதற்கு ஆயத்தம்? கல்லூரிக்கு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே குற்றமாக்கிய மாநிலங்கள் இருந்த நாடு அது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே இலத்தீனும் கணிதமும் கற்பிப்பது என்று தீர்மானித்தவர்களின் துணிச்சலை நினைத்துப் பார்க்க வேண்டும். "இவர்களுக்கு இது போதும்" என்று சொல்ல அன்று ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இன்றும் எந்த நாட்டின் கல்விக் கூட்டத்திலும் அந்த வசனத்தைச் சொல்ல ஆளுண்டு.

அடுத்ததாக, அங்கே யார் கற்பித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1871 இல் அதிபரானவர் மேரி ஜேன் பெட்டர்சன் என்ற பெண். 1862 இல் ஓபர்லின் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் என்று அறியப்படுபவர். இடையில் ஒரு வருடம் ரிச்சர்ட் கிரீனர் அதிபராக இருந்தார். அவர் ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர். பிறகு மீண்டும் பெட்டர்சன் வந்து 1884 வரை பாடசாலையை வளர்த்தெடுத்தார். பாடசாலை பெரிதானதும் இனி ஆண் அதிபர்தான் வேண்டும் என்று முடிவெடுத்து அவரை இறக்கினார்கள். அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. 1894 இல் இறக்கும் வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ் கார்டோசோ ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்தவர், தென் கரோலைனா மாநில அரசில் உயர் பதவி வகித்தவர். அவருக்குப் பின்னர் வந்தவர்களில் ஒருவர் ஹார்வர்ட் பட்டதாரியான ரொபர்ட் டெரல். பின்னாளில் வாஷிங்டனில் நீதிபதியானார். அவருடைய மனைவி மேரி சர்ச் டெரல் அங்கே இலத்தீன் ஆசிரியையாக இருந்தவர். திருமணமான பெண்கள் ஆசிரியத் தொழிலில் இருக்க முடியாது என்ற விதியால் வேலையை விட வேண்டியதாயிற்று. ஒரு நல்ல இலத்தீன் ஆசிரியையை அவருடைய கல்யாணம் காரணமாக வகுப்பறை இழந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறோம்.

இவ்வளவு படித்தவர்கள் ஏன் ஒரு ஹைஸ்கூலுக்கு வந்தார்கள்? ஒரு காரணம் சம்பளம். வாஷிங்டன் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத, மத்திய அரசின் கீழுள்ள நகரம். அங்கே கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையின ஆசிரியருக்கும் ஒரே சம்பள அளவுத் திட்டம். தெற்கு மாநிலங்களில் நினைத்தும் பார்க்க முடியாத விடயம் இது. மற்றக் காரணம் கசப்பானது. அவர்களுக்கு வேறு கதவுகள் திறக்கவில்லை. ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரை விரிவுரையாளராக ஏற்க வெள்ளையினப் பல்கலைக்கழகங்கள் எதுவும் தயாராக இருக்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளோ சில. அவற்றில் இருந்த வெற்றிடங்களும் சில. 1913 க்குப் பின் ஜனாதிபதி வூட்ரோ வில்சனின் நிர்வாகம் மத்திய அரச அலுவலகங்களில் இனப்பிரிப்பைப் புகுத்தியபோது, படித்த கறுப்பினத்தவருக்கு எழுதுவினைஞர் வேலைகூட எட்டாக் கனியானது. ஆகவே பேராசிரியராக இருக்க வேண்டியவர்கள் சுண்ணக்கட்டியோடு தரம் 9 வகுப்புக்குள் நுழைந்தார்கள்.

இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்து போகக் கூடாது. டன்பாரின் சிறப்புக்கு உரம் போட்டதில் ஒரு பங்கு அநீதிக்கும் உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் அந்தப் பாடசாலையைப் புகழ்ந்தால் அது பாதி உண்மைதான்.

1891 இல் பாடசாலைக்கு எம் ஸ்ட்ரீட்டில் சொந்தக் கட்டடம் கிடைத்தது. அதனால் எம் ஸ்ட்ரீட் பாடசாலை என்ற பெயரும் வந்தது. 1899 இல் நகரத்தின் ஹைஸ்கூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தபோது இந்தக் கறுப்பினப் பாடசாலை வெள்ளையினப் பாடசாலைகள் மூன்றில் இரண்டை முந்தியது. "ஓ, வசதியான வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்" என்று நினைக்கத் தோன்றும். பொருளியலாளர் தோமஸ் சோவெல் அந்தக் காலப் பதிவுகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். 1892–93 இல் தொழில் பதிவாகியிருந்த பெற்றோரில் 51 பேர் கூலித் தொழிலாளர், வைத்தியர் ஒரேயொருவர். வகுப்புகளில் நெரிசல், வசதிகள் குறைவு. இவையெல்லாம் எமக்குப் பழக்கமான காட்சிகள்தான்.

1902 இல் அனா ஜூலியா கூப்பர் அதிபரானார். இந்தப் பாடசாலையின் வரலாற்றில் எமக்கு மிகப் பிடித்த மனிதர் இவர். 1858 இல் வட கரோலைனாவில் அடிமைத் தாய் ஒருவருக்குப் பிறந்தவர். தந்தை அந்தத் தாயின் எஜமான் என்றே கருதப்படுகிறது. திருமணமாகி இரண்டு வருடத்தில் விதவையானார். பிறகு ஓபர்லினில் சேர்ந்து கணிதம் படித்துப் பட்டம் பெற்று, 1887 இல் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வாஷிங்டன் வந்தார். 1892 இல் கறுப்பினப் பெண்களின் கல்வியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

அவர் அதிபராக இருந்த காலம் கறுப்பினக் கல்வி பற்றிய பெரிய வாதம் கொதித்துக்கொண்டிருந்த காலம். புக்கர் டி. வாஷிங்டன் ஒரு பக்கம். விடுதலை பெற்ற மக்களுக்கு முதலில் தேவை கைத்தொழில். தச்சு, விவசாயம், செங்கல் அறுப்பு என்று தொடங்கி உழைத்து முன்னேற வேண்டும், மற்றவை பிறகு என்பது அவர் கட்சி. டு போய்ஸ் மறுபக்கம். ஒரு சமூகத்துக்கு உயர்கல்வி பெற்ற தலைமை இல்லாவிட்டால் அது என்றைக்கும் பிறர் கையில்தான் என்பது அவர் கட்சி. வெள்ளையினச் செல்வந்தர்களும் அரசியல்வாதிகளும் முதலாமவரைத் தோளில் தூக்கினார்கள். நியாயமாகச் சொன்னால், புக்கர் டி. வாஷிங்டன் கட்டியெழுப்பிய டஸ்கீகீ நிறுவனம் சின்ன விடயமல்ல. பட்டினியோடு இருந்தவர்களுக்குத் தொழில் கொடுத்தது. ஆனால் "முதலில் இது, பிறகு அது" என்று சொன்னவர்களில் பலருக்கு அந்தப் "பிறகு" என்றைக்கும் வரத் தேவையில்லாததாக இருந்தது.

கூப்பர் அந்தப் "பிறகு" வரும்வரை காத்திருக்கவில்லை. டு போய்ஸ் பாடசாலைக்கு வந்து உரையாற்றினார். மாணவர்கள் இலத்தீன், கிரேக்கம், உயர் கணிதம் எனப் படித்து ஹார்வர்ட், யேல், பிரவுன், ஓபர்லின் என்று போனார்கள். மேலே இருந்த வெள்ளையின உயர்பாடசாலைப் பணிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென இலகுவாக்கப்பட்ட வேறொரு பாடவிதானம் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. கூப்பர் மறுத்தார். உடனே விசாரணை வந்தது. ஒழுக்கக் குறைவு, நிர்வாகத் திறமையின்மை, தகுதியற்ற மாணவர்களைத் தாராளமாக நடத்துகிறார் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. அவரது தனிப்பட்ட வாழ்க்கை பற்றியும் வதந்தி பரவியது. பெண் அதிபர் ஒருவரை அகற்ற வேண்டுமென்றால் எந்த ஊரிலும் கடைசியில் எடுக்கும் ஆயுதம் அதுதானே. 1906 இல் பதவியை இழந்தார். மிசூரிக்குப் போய்க் கற்பித்தார். 1910 இல் கல்வி நிர்வாகத்தில் ஆள் மாறியதும் அதே பாடசாலைக்குத் திரும்பி வந்தார், இம்முறை இலத்தீன் ஆசிரியையாக. தான் அதிபராக இருந்த பாடசாலையில் இன்னொருவரின் கீழ் வெறும் ஆசிரியராகக் கடமை ஏற்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். அவர் 1930 வரை அங்கே இருந்தார்.

அவரை வெளியேற்றியவர்கள் ஆளை அகற்றினார்களே தவிர அவர் காப்பாற்ற நினைத்ததை அழிக்க முடியவில்லை. பாடவிதானம் தப்பியது. இன்று அமெரிக்கக் கடவுச்சீட்டின் பக்கங்களில் அச்சாகியிருக்கும் மேற்கோள்களில் ஒன்று அனா ஜூலியா கூப்பருடையது.

1916 இல் பாடசாலை பெரிய புதிய கட்டடத்துக்கு மாறியபோது, பத்து வருடங்களுக்கு முன் 33 வயதில் இறந்த கவிஞர் போல் லோரன்ஸ் டன்பாரின் பெயரைச் சூட்டினார்கள். அவரது பெற்றோரும் அடிமைகளாக இருந்தவர்கள். கெட்டிக்கார மாணவரான அவருக்குப் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை, மின்தூக்கி இயக்குவது. ஒருவகையில் பொருத்தமான பெயர்தான்.

இந்தக் காலத்து ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, இருபது வயதளவில்தான் ஹைஸ்கூலில் சேர்ந்து, 1912 இல் ஹார்வர்டில் வரலாற்றில் கலாநிதியான கார்ட்டர் வுட்சன் இங்கே கற்பித்தார். 1926 இல் கறுப்பின வரலாற்று வாரத்தை அவர்தான் தொடக்கினார். இன்று அது ஒரு மாதமாக அனுஷ்டிக்கப்படுகிறது. பின்னர் ஹார்லெம் மறுமலர்ச்சியின் முக்கிய எழுத்தாளராக அறியப்பட்ட ஜெஸ்ஸி ஃபோசெட் இங்கே மொழி ஆசிரியை. 1921 இல் அமெரிக்காவில் மூன்று கறுப்பினப் பெண்கள் முதன்முதலாகக் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள்: ஈவா டைக்ஸ், ஜோர்ஜியானா சிம்சன், சேடி அலெக்சாண்டர். மூவருக்கும் இந்தப் பாடசாலையோடு தொடர்பு. டைக்ஸ் இங்கே படித்துப் பிறகு இங்கேயே கற்பித்தவர், சிம்சன் ஆசிரியை, அலெக்சாண்டர் பழைய மாணவி. நான்கு வருடங்கள் கழித்து, 1925 இல், கூப்பர் பாரிஸின் சோர்போனில் கலாநிதியானார். முழுநேரம் கற்பித்துக்கொண்டே, உறவில் அநாதரவாய் நின்ற ஐந்து பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டே, அறுபது வயதைத் தாண்டிய பிறகு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை பற்றிப் பிரான்ஸ் கொண்டிருந்த மனப்பாங்குதான் அவரது ஆய்வு. அடிமையாய்ப் பிறந்த ஒருவர் அந்த ஆய்வை எழுதியிருக்கிறார்.

மாணவர்களின் பட்டியலும் அப்படியே. இரத்த வங்கி முறையை வளர்த்தெடுத்த வைத்தியர் சார்ல்ஸ் ட்ரூ, முதலாவது கறுப்பின மத்திய நீதிபதி வில்லியம் ஹேஸ்டி, அமெரிக்க இராணுவத்தின் முதலாவது கறுப்பின ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ், முதலாவது கறுப்பின அமைச்சரவை உறுப்பினர் ரொபர்ட் வீவர், மக்கள் வாக்கால் செனட்டுக்குத் தெரிவான முதலாவது கறுப்பினத்தவர் எட்வர்ட் புரூக். இத்தனை "முதலாவது"கள் ஒரே அரச பாடசாலையிலிருந்து. மாசசூசெட்ஸின் அம்ஹர்ஸ்ட் கல்லூரி 1892 முதல் 1954 வரை இங்கிருந்து 34 பேரைச் சேர்த்தது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பட்டத்தோடு வெளியேறினர்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இங்கே இருக்கிறது. இந்தச் சாதனைக் காலத்தில் டன்பாரின் வாசலில் எமது நாட்டைப் போல வெட்டுப்புள்ளி நின்றதில்லை. நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மூன்று வகை ஹைஸ்கூல்கள் இருந்தன. தொழில்நுட்பம் படிக்க ஆம்ஸ்ட்ரோங், வர்த்தகம் படிக்க கார்டோசோ, கல்லூரிக்குப் போக டன்பார். எந்த மூலையிலிருந்தும் வரலாம். இதற்காகவே வேறு ஊர்களிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் உண்டு. நகரத்தின் கறுப்பின ஹைஸ்கூல் மாணவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் டன்பாரில் இருந்தார்கள் என்பது சோவெலின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு என்பது ஆகக் கூடிய புள்ளி எடுத்த சிலரைச் சலித்தெடுத்த தொகையல்ல. படிப்பின் கனம்தான் அங்கே சல்லடை. அந்தக் கனத்தைச் சுமக்க விரும்பியவர்கள் வந்தார்கள். சுமக்கக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் உள்ளே இருந்தார்கள். புள்ளிக்குப் பிள்ளையைத் தெரிவு செய்துவிட்டு, பிறகு பெறுபேற்றைக் காட்டி "பார், எங்கள் பாடசாலை!" என்று பதாகை கட்டுவது வேறு வேலை.

ஆனால் இது குறையில்லாத இடம் என்று சொல்லி முடித்தால் அநியாயம். வாஷிங்டனின் கறுப்பினச் சமூகத்துக்குள்ளேயே மேல்தட்டு, கீழ்த்தட்டு இருந்தது. வெளிர் நிறத் தோலும் பழைய குடும்பப் பெயரும் அங்கே மதிப்பு. அந்த மேல்தட்டின் பாடசாலை என்ற குற்றச்சாட்டு டன்பாரைத் தொடர்ந்து வந்தது. டன்பாருக்கு வராத மற்ற மூன்றில் இரண்டு பங்கினரும், ஹைஸ்கூல் வரையே வராமல் நின்றவர்களும் நெரிசலான, பழுதடைந்த பாடசாலைகளில்தான் கிடந்தார்கள்.

1947 இல் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கார்ட்னர் பிஷப் என்ற சிகையலங்காரத் தொழிலாளி. அவருடைய மகள் படித்த கனிஷ்ட பாடசாலையில் இடமில்லாமல் பிள்ளைகளை இரண்டு நேரமாகப் பிரித்து வகுப்பு நடத்தினார்கள். அதே நகரத்தில் வெள்ளையினப் பாடசாலைகளில் கதிரைகள் வெறுமையாக இருந்தன. பிஷப் பெற்றோரைத் திரட்டி வகுப்புப் பகிஷ்கரிப்பில் இறங்கினார். படித்த மேல்தட்டு மீது அவருக்கு நல்ல கோபம் இருந்தது. எங்களைப் போன்றவர்களை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை என்பது அவர் எண்ணம். அந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு கடைசியில் ஒரு சட்டத்தரணியிடம் போனார். அந்தச் சட்டத்தரணி சார்ல்ஸ் ஹமில்டன் ஹியூஸ்டன்.

ஹியூஸ்டன் எம் ஸ்ட்ரீட்டின் பழைய மாணவர். 1911 இல், 15 வயதில், அங்கே படிப்பை முடித்தார். அம்ஹர்ஸ்ட், பிறகு முதலாம் உலகப் போரில் இராணுவ அதிகாரி, பிறகு ஹார்வர்ட் சட்டக் கல்லூரி. கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டபீடத்தை அவர் இரும்பாய் வார்த்தார். அங்கே அவரிடம் படித்தவர்தான் பின்னாளில் உயர் நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரான தர்குட் மார்ஷல். "பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக வைக்க வேண்டும்" என்ற 1896 ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிப்படியாக உடைப்பது எப்படி என்று திட்டம் தீட்டியவர் ஹியூஸ்டன். சமம் என்றால் உண்மையிலேயே சமமாக்கிக் காட்டு என்று ஒவ்வொரு மாநிலத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1938 இல் மிசூரிச் சட்டக் கல்லூரி வழக்கில் கிடைத்த வெற்றி அந்த வழியில் ஒரு பெரிய படி.

பிஷப்பின் வழக்கை ஹியூஸ்டன் எடுத்துக்கொண்டார். ஆனால் இதயம் ஒத்துழைக்கவில்லை. படுக்கையில் இருந்தபடி அதை ஜேம்ஸ் நேப்ரிட் என்ற சட்டத்தரணியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு 1950 ஏப்ரலில் காலமானார். அந்த வருடம் செப்டெம்பரில் பிஷப் 11 கறுப்பினப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, புதிதாகக் கட்டிய சூசா கனிஷ்ட பாடசாலைக்குப் போனார். அது வெள்ளையினப் பிள்ளைகளுக்கு உரியது, இடம் தாராளமாக இருந்தது, அனுமதி மறுக்கப்பட்டது. நேப்ரிட் சம வசதி கேட்கவில்லை. பிரிப்பே சட்டவிரோதம் என்று நேராக வாதிட்டார். 1954 மே 17 அன்று, புகழ்பெற்ற பிரவுன் வழக்கின் தீர்ப்போடு சேர்த்து, வாஷிங்டனுக்கான போலிங் எதிர் ஷார்ப் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இனப்பிரிப்புப் பாடசாலை முறை முடிந்தது.

டன்பாரும் அதோடு சேர்ந்து முடிந்தது. கட்டடம் நின்றது, உள்ளே இருந்தது போய்விட்டது.

அது எப்படி நடந்தது என்பது ஓர் அலுவலக விடயம். இனப்பிரிப்பு நீங்கியதும் நகரக் கல்விச் சபை எல்லாப் பாடசாலைகளுக்கும் அயற்புற எல்லை வரைந்தது. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடசாலை. டன்பார் நின்ற இடம் வறுமையான பகுதி. முழு நகரத்தின் கல்லூரி ஆயத்தப் பாடசாலை, அடுத்த தவணைகளில் அயல் பிள்ளைகளுக்கான சாதாரண ஹைஸ்கூலாக மாறியது. அந்தப் பிள்ளைகளில் பலர் ஆரம்ப வகுப்புகளிலேயே கைவிடப்பட்டவர்கள். அவர்களைத் தூக்கிவிடத் தேவையான மேலதிக ஏற்பாடு எதுவும் கூட வரவில்லை. பழைய ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்களுடைய இடத்துக்கு முன்பு வந்திருக்கக்கூடிய கலாநிதிகளுக்கு இப்போது வேறு கதவுகள் திறந்துகொண்டிருந்தன. திறக்கத்தானே வேண்டும்! வசதியான கறுப்பினக் குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குப் போயின. 1955 இல் வெளியேறிய வகுப்பில் இருந்தவர் எலனோர் ஹோம்ஸ் நோர்டன். பின்னாளில் வாஷிங்டனின் பிரதிநிதியாகப் பல தசாப்தங்கள் காங்கிரஸில் இருந்தார். அந்தப் பழைய டன்பாரின் கடைசி வரிசைகளில் ஒருவர்.

1974 இல் சோவெல் இதைப் பற்றி எழுதியபோது அவருக்கு அடக்க முடியாத கோபம். எண்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்த ஒன்றை, சமத்துவத்தின் பெயரால் ஒரே இரவில் அழித்தார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கோபத்தில் பாதிக்கு நாமும் உடன்படுகிறோம். ஒரு பாடசாலையின் எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் அந்தப் பாடசாலை என்னவென்று கேட்கவேயில்லை. வரைபடத்தைப் பார்த்து இடமாற்றமும் இணைப்பும் செய்யும் மேசைகளை நாமும் அறிவோம். இனத்துக்குத் திறந்த, நகரம் முழுவதற்குமான கல்லூரி ஆயத்தப் பாடசாலையாக டன்பாரை வைத்திருக்க எந்தத் தீர்ப்பும் தடை சொல்லவில்லை.

மற்றப் பாதிக்கு உடன்பட முடியவில்லை. சில பேர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அப்போ பிரித்து வைத்திருந்ததே நல்லதுதானே" என்ற இடத்துக்கு வந்து நிற்பார்கள். சிறுபான்மைப் பாடசாலைகளில் கற்பிக்கும் எமக்கு இந்தப் பேச்சு வேறு உருவங்களில் கேட்டுப் பழக்கம். பிஷப்பின் மகளின் வகுப்பில் அரை நாள் படிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது? ஹார்வர்ட் கலாநிதி ஹைஸ்கூலில் கற்பித்தது அவருடைய மாணவருக்கு அதிர்ஷ்டம்; அவருக்கு அது அவமதிப்பு. அந்த அவமதிப்பைத் தொடரச் சொல்லும் உரிமை, அதன் பயனை அனுபவித்தவர்களுக்கே இல்லை. அதனால்தான் ஹியூஸ்டன் தன்னை வளர்த்த முறையையே இடிப்பதற்குத் தன் ஆயுளைச் செலவழித்தார் என்று நாம் நினைக்கிறோம். தன் பழைய பாடசாலைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்று நம்ப முடியவில்லை.

1916 ஆம் ஆண்டுக் கட்டடத்தை 1977 இல் இடித்தார்கள். பழைய மாணவர்கள் காப்பாற்றப் போராடினார்கள், நகரம் கேட்கவில்லை. பதிலுக்கு வந்தது சுவரில்லாத திறந்த வகுப்பறைகள் கொண்ட கொங்கிறீட் கோபுரம். சுவரில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகுப்பு எடுத்துப் பார்த்தவர்களிடம் அந்தக் கட்டடத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அதையும் அகற்றிவிட்டு 2013 இல் புதிய கட்டடம் திறந்தார்கள். அதன் தரையில் பழைய மாணவர்களின் பெயர் பொறித்த தகடுகள் பதித்திருக்கிறார்கள். சில தகடுகளைப் பெயரில்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள், இனி வரும் பிள்ளைகளுக்காக.

கூப்பரின் மீதிக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1930 இல் டன்பாரிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வெடுக்கவில்லை. ஃப்ரீலிங்ஹைசன் பல்கலைக்கழகம் என்ற பெயரில், வேலைக்குப் போகும் கறுப்பின வளர்ந்தோருக்காக ஒரு மாலை நேர நிறுவனம் கஷ்டத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. டன்பார் போன்ற ஒன்றை எட்டிப் பார்க்கவும் வாய்ப்பில்லாமல் சிறு வயதிலேயே உழைப்புக்குப் போனவர்களுக்கான இடம். அதன் தலைமையை ஏற்றார். கட்டடத்துக்கு வாடகை கட்ட முடியாமல் போனபோது, டி ஸ்ட்ரீட்டிலிருந்த தன் சொந்த வீட்டுக்கே வகுப்புகளைக் கொண்டுவந்தார். 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தபோது தொண்ணூற்றைந்து வயதைத் தாண்டியிருந்தார். 1964 இல் தனது 105 ஆவது வயதில் அந்த வீட்டிலேயே காலமானார். வீடு இன்னும் அந்த வீதியில் நிற்கிறது. சோர்போனில் படித்த கலாநிதி ஒருவரின் வரவேற்பறையில், பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவர்கள் மாலையில் பாடம் படித்த வீடு அது.